ஐம்பது டொலர் அலுமினியப் பெட்டி: எதுக்கு வாங்கலாம், எதுக்கு வாங்கக்கூடாது



போன எபிசோடில ரெக்கோர்டிங் செட்டப் பற்றிக் கதைச்சபிறகு மைக்கைப் பற்றிக் கேள்வி வரும் எண்டு பார்த்தால், கனபேர் கேட்டது வேற. "இதெல்லாத்தையும் எதுக்குள்ள போட்டுக் கொண்டு திரியிறீங்கள்?" கேட்ட ஆக்களில சிலபேர் ஒரு படமும் சேர்த்து அனுப்பியிருந்தீங்கள். வெள்ளி நிறம், உருண்டை மூலை, ரெண்டு கொளுக்கி, ஒரு கைபிடி, விலை ஐம்பது டொலருக்குக் கீழ. அலுமினிய பிறீஃப்கேஸ். "இது ஓகேயா அண்ணா?"

என்ர பதில் இதுதான். மைக், கேபிள், கமரா மாதிரிச் சாமானுக்கு எண்டா வாங்குங்கோ. ஒஃபிசுக்குக் கொண்டு போக எண்டா வேண்டாம். வீட்டுப் பத்திரங்களைப் போட்டு வைக்க எண்டா, தயவுசெய்து வேண்டவே வேண்டாம். மூண்டாவதுதான் எனக்குப் பெரிய விஷயம். அதுக்குக் கொஞ்சம் கழிச்சு வாறன்.

முதல்ல ஒரு உண்மை: ஐம்பது டொலருக்கு விக்கிற அலுமினியப் பெட்டியில அலுமினியம் கொஞ்சம்தான் இருக்கு. விளிம்பில ஓடுற சட்டம் அலுமினியம். தட்டையான பக்கங்கள் பெரும்பாலும் மெல்லிய எம்.டி.எஃப். பலகை, அல்லது பிளைவுட். அதுக்கு மேல பிளாஸ்டிக்கோ கடதாசி மாதிரி மெல்லிய அலுமினியத் தகடோ ஒட்டியிருக்கும். மூலையில இருக்கிறது இரும்பு. எல்லாத்தையும் பிடிச்சுக்கொண்டிருக்கிறது ரிவெட்டுகள். முழு அலுமினியத்தில செய்யிற பெட்டி வேற சாதி. ஜெர்மனியின் ரிமோவா 1937இல அலுமினியப் பெட்டி செய்யத் தொடங்கினது. அமெரிக்காவில எண்ணெய்க் கிணத்துத் தொழில் செய்த எர்ல் ஹலிபேர்ட்டன், 1938இல தன்ர பயணத்துக்குத் தூசி போகாத பெட்டி வேணும் எண்டு செய்விச்சதுதான் பிறகு ஸீரோ ஹலிபேர்ட்டன் ஆனது. ரிமோவாவில ஒரு அலுமினிய பிறீஃப்கேஸ் இண்டைக்கு ஆயிரம் டொலருக்கு மேல.

அப்ப மலிவுப் பெட்டி ஏமாத்தா? நான் அப்பிடிச் சொல்லமாட்டன். கலியாண வீட்டுக்கு வாற டி.ஜே. அண்ணாமார் வானில இருந்து இறக்கிற கறுப்புப் பெட்டியளைப் பாருங்கோ. பலகை, அலுமினிய விளிம்பு, இரும்பு மூலை. அதே யோசனைதான். அடி விழுறது மூலையிலயும் விளிம்பிலயும், அங்க உலோகத்தைப் போட்டு நடுவில பலகையை விட்டால் காணும். டி.ஜே. பெட்டியில பலகை மொத்தம், எங்கட பெட்டியில மெல்லிசு, வித்தியாசம் அவ்வளவுதான். ஆயிரம் டொலர் பெட்டிக்குக் குடுக்கிற காசில பெரிய பங்கு வடிவுக்கும் பேருக்கும் போகுது. முந்நூறு டொலர் மைக்குக்கு ஆயிரம் டொலர் பெட்டி வாங்கிறது குதிரையைவிட விலை கூடின சேணம் வாங்கிற மாதிரி.

ஒன்லைனில படம் பார்த்து வாங்காமல், கனேடியன் டயர், பிரின்சஸ் ஓட்டோ மாதிரிக் கருவிக் கடைக்குப் போய்க் கையால தொட்டுப் பாத்து வாங்குங்கோ. மூடியைத் திறந்து ரெண்டு மூலையையும் பிடிச்சு மெதுவா முறுக்குங்கோ. கொஞ்சம் வளையும், அது பரவாயில்லை. மூடேக்க விளிம்பு விளிம்போட சரியா வந்து பொருந்தவேணும். கையால தள்ளித்தான் பொருத்தவேணும் எண்டால் அதை வைச்சிட்டு அடுத்ததை எடுங்கோ. பிணைச்சல் பின்பக்கம் முழுக்க நீளமா ஓடினால் நல்லது. ரெண்டு சின்னப் பிணைச்சல் மட்டும் எண்டால் முதல்ல கழரப்போறது அதுதான். கைபிடியை உள்ளுக்கால பாருங்கோ. ஆணி அலுமினியச் சட்டத்தில இறங்கியிருக்கா, இல்லை பலகையில மட்டுமா? பலகையில மட்டும் நிக்கிற கைபிடி, ஆறு கிலோ சாமானோட படியிறங்கேக்க ஒருநாள் கையோட வந்திடும். எம்.டி.எஃப். எண்டது மரத்தூளும் பசையும், திருகாணி ஒருக்கா ஆடத் தொடங்கினால் திரும்ப இறுகாது.

பூட்டைப் பற்றிக் கனக்கச் சொல்லத் தேவையில்லை. மூண்டு இலக்கப் பூட்டில இருக்கிறது 1000 எண்கள். ஒண்டுக்கு ரெண்டு செக்கன் எடுத்தாலும் முப்பத்தஞ்சு நிமிசத்துக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும். விமான நிலையத்தில திறக்கக்கூடிய பூட்டு எண்டு விக்கிறதுகளின்ர மாஸ்டர் சாவிப் படம் 2014இலயே ஒரு பத்திரிகையில வந்து, 2015இல ஆக்கள் அதை 3டி பிரிண்ட் பண்ணத் தொடங்கிட்டினம். பூட்டு இருக்கிறது பெட்டி தற்செயலாத் திறபடாமல் இருக்க. கள்ளனுக்கு இல்லை.

உண்மையான வேலை ஃபோமிலதான் இருக்கு, ஆனா கனபேர் அதை அஞ்சு நிமிசத்தில பிய்ச்சு முடிக்கினம். சின்னச் சின்னச் சதுரமா வெட்டி வாற ஃபோமை அவசரப்பட்டுப் பிடுங்காதேங்கோ. சாமானை மேல வைச்சு, சுத்திவரப் பல்லுக்குத்துற குச்சியைக் குத்தி அடையாளம் போடுங்கோ. ஒரு நாள் அப்பிடியே விட்டுப் பாருங்கோ, அடுத்த நாள் ஒழுங்கை மாத்தத் தோணும். ரெண்டு சாமானுக்கு நடுவில குறைஞ்சது ரெண்டு வரிசை விடவேணும், ஒரு வரிசை மட்டும் நிண்டால் ஒரு மாசத்தில சாஞ்சிடும். பாரமான சாமான், அதாவது இன்டர்ஃபேஸ், பற்றரி, கைபிடிக்குக் கிட்டவோ பெட்டியின்ர நடுவிலயோ இருக்கட்டும். ஒரு பக்கத்தில போட்டால் நடக்கேக்க முழங்காலில இடிச்சுக்கொண்டே வரும். கூட வாற ஃபோம் அனேகமாப் பொலியூரித்தேன். சில வருசத்தில அது உதிர்ந்து பிசுபிசுக்கும், அப்ப கமரா லென்சை அதுக்குள்ள விட்டு வைக்காதேங்கோ. புதுசா வெட்டிப் போடிற எண்ணம் இருந்தால் பொலிஎத்திலீன் ஃபோம் வாங்குங்கோ.

ரொறன்ரோ மாதிரி இடத்தில இருக்கிறவைக்கு ஒரு விஷயம். ஜனவரியில மைனஸ் இருபதில காருக்குள்ள கிடந்த பெட்டியை வீட்டுக்குள்ள கொண்டுவந்து உடன திறந்தால், வீட்டுக் காத்தில இருக்கிற ஈரம் குளிர்ந்த மைக்கில தண்ணியாப் படியும். கொண்டென்சர் மைக்குக்கு அது கூடாது. பெட்டியை மூடினபடி ஒண்டு ரெண்டு மணித்தியாலம் வையுங்கோ, சாமான் வீட்டுச் சூட்டுக்கு வரட்டும். இந்த விஷயத்தில ஃபோம் போட்ட பெட்டி தோள்பையைவிட நல்லது, மெதுவாத்தான் சூடாகும்.

ட்ராக்கர் உள்ளுக்குப் போட்டு வைக்கிறவை கவனம். உலோகத் தகடு புளூடூத் சிக்னலைக் குறைக்கும். விளிம்பு இடுக்கால கொஞ்சம் வெளிய வரும், ஆனா எவ்வளவு எண்டு பெட்டிக்குப் பெட்டி மாறும். ட்ராக்கரைப் போட்டு மூடிப்போட்டு, ஃபோனோட வீட்டின்ர மற்ற அந்தத்துக்குப் போய்த் தேடிப் பாருங்கோ. பிளேனில போறவை அளவையும் பார்க்கவேணும். எயர் கனடா சீட்டுக்குக் கீழ விடுற சின்னப் பையின்ர அளவு 33 × 43 × 16 சென்ரிமீற்றர். கடையில 18 இஞ்சி எண்டு விக்கிற பெட்டி கிட்டத்தட்ட 46 சென்ரிமீற்றர். துணிப் பை எண்டால் அமத்தி விடலாம், இது அமராது. 2025 ஜனவரியில இருந்து வட அமெரிக்காவுக்குள்ள ஆக மலிவான டிக்கெட்டில அந்தச் சின்னப் பை மட்டும்தான் கையில கொண்டு போக விடினம், அப்ப அந்த மூண்டு சென்ரிமீற்றருக்குக் காசு கட்டவேண்டி வரலாம். பெட்டியைச் செக்-இன் பண்ணினால் பவர்பாங்கையும் தனி லித்தியம் பற்றரியளையும் வெளிய எடுத்துக் கையில வைச்சிருங்கோ. அது சட்டம்.

ஒஃபிசுக்கு ஏன் வேண்டாம் எண்டு கேக்கிறீங்களா? வெறும் பெட்டியே ரெண்டு கிலோவுக்குக் கிட்ட வரும். சப்வேயில மடியில வைச்சுத் திறக்கேலாது, மேசையில வைச்சால் மேசை முழுக்க அதுதான். கொளுக்கிச் சத்தம் மீற்றிங் முழுக்கக் கேக்கும். அதோட, தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்த ஆருக்கும் அந்தப் பெட்டியைக் கண்டால் ஹாபரில நிண்டு காசு மாத்திற வில்லன்தான் ஞாபகம் வரும். அப்பாமாரின்ர காலத்தில பிறீஃப்கேஸ் எண்டால் உத்தியோகம், அந்த மரியாதை எனக்கு விளங்குது. இண்டைக்கு அந்த மரியாதையை ஒரு பெட்டி கொண்டு வராது.

சரி, மூண்டாவது. ஒரு தங்கச்சி எழுதியிருந்தா: "அம்மாட பத்திரமெல்லாம் பழைய ஷொப்பிங் பாக்கில கிடக்கு. இந்தப் பெட்டியை வாங்கி அதுக்குள்ள போட்டுப் பூட்டி வைக்கலாம் எண்டு யோசிக்கிறன், உலோகம்தானே, நெருப்புப் பிடிக்காது." இந்த யோசனை எங்கட ஆக்கள் கனபேரிட்ட இருக்கு. அதனாலதான் இதை எபிசோடில ரெண்டு வசனத்தில சொல்லிப்போட்டு விடாமல் எழுதுறன்.

அந்தப் பெட்டி பத்திரத்தைக் காப்பாத்தாது. அலுமினியம் 660 பாகையில உருகும், ஆனா அதுக்கு முதலே கதை முடிஞ்சிடும். அலுமினியம் சூட்டை வேகமாக் கடத்திற உலோகம். தகட்டுக்குப் பின்னால இருக்கிறது எரியிற பலகை, அதுக்குள்ள இருக்கிறது இன்னும் வேகமா எரியிற ஃபோம். நெருப்புக்கெண்டு சோதிச்சு விக்கிற பெட்டியள் வேற மாதிரி: சுவருக்குள்ள ஈரத்தைப் பிடிச்சு வைச்சிருக்கிற சாந்து மாதிரியான பொருள் இருக்கும், அதனாலதான் அவ்வளவு பாரம். காகிதத்துக்கான யூ.எல். வகுப்பில, சோதிக்கிற அரை மணித்தியாலமோ ஒரு மணித்தியாலமோ உள்ளுக்கு 177 பாகைக்கு மேல போகக்கூடாது. கணினித் தகவல் இருக்கிற டிஸ்குகளுக்கு அது காணாது, அதுக்கு 52 பாகை எண்டு தனி வகுப்பு இருக்கு. தண்ணிக்கும் இதே கதைதான். மலிவு அலுமினியப் பெட்டியில ரப்பர் வளையம் இல்லை. 2013 ஜூலையிலயும் 2024 ஜூலையிலயும் ரொறன்ரோவில மழை கொட்டி பேஸ்மென்ற் நிரம்பினதை எங்கட வீடுகள் மறந்திருக்காது. கள்ளன் வந்தால் மினுங்கிற பெட்டியைத்தான் முதல்ல தூக்குவான்.

அந்த ஷொப்பிங் பாக்குக்குள்ள என்ன இருக்கு எண்டு யோசிச்சுப் பாருங்கோ. பிறப்புச் சாட்சிப்பத்திரம், விவாகப் பதிவு, ஊர்ப் பள்ளிக்கூட றிப்போட், காணி உறுதி, கனடாவுக்கு வந்து இறங்கினபோது குடுத்த ஐ.எம்.எம். 1000. அந்த ஐ.எம்.எம். 1000 துலைஞ்சால் அரசாங்கம் திரும்ப அதே பத்திரத்தை அடிச்சுத் தராது. விண்ணப்பிச்சால் தாறது நிலையை உறுதிப்படுத்திற வேறொரு கடிதம். ஒரு தரத்துக்கு மேல இடம்பெயர்ந்தும் கைவிடாமல் இடுப்பில கட்டிக்கொண்டு வந்த பத்திரங்கள் இதுக்குள்ள இருக்கிற வீடுகள் இருக்கு.

அதுக்குப் பெட்டி வாங்கிற ஐம்பது டொலரை வேற விதமாச் செலவழியுங்கோ. எல்லாத்தையும் கலரில, 600 டி.பி.ஐ.யில ஸ்கான் பண்ணுங்கோ, பின்பக்கத்தையும் சேர்த்து, ஏனெண்டால் முத்திரையும் கையெழுத்தும் கனநேரம் பின்னாலதான் இருக்கும். ரெண்டு பிரதி, ரெண்டும் பாஸ்வேர்ட் போட்டு என்கிரிப்ட் பண்ணினது, ஒண்டு வீட்டுக்கு வெளிய. மூலப் பத்திரங்களைப் பொலியெஸ்டர் உறையில போடுங்கோ. லாமினேட் மட்டும் பண்ணாதேங்கோ, எங்கட அம்மாமாருக்கு அதில ஒரு தனி விருப்பம், ஆனா திரும்பக் கழட்டேலாது. பிறகு நெருப்புச் சோதனை பாஸ் பண்ணின சின்னப் பெட்டி ஒண்டு, அல்லது வங்கி லொக்கர். அந்தப் பெட்டியையும் பேஸ்மென்ற் நிலத்தில வைக்காதேங்கோ.

உறுதியை ஸ்கான் பண்ணிறது மட்டும் காணாது. அது நொத்தாரிசின்ர தமிழ். பரப்பு, குழி, கிழக்கு எல்லை ஆற்ற காணி, ஆருக்குச் சீதனமாப் போனது, கிணத்தில ஆருக்குப் பங்கு: இதெல்லாம் ஒரே மூச்சில நீளமா எழுதியிருக்கும். எங்களில கனபேருக்கு வாசிக்கவே ஏலாது, வாசிச்சாலும் அந்தப் பேர்கள் ஆர் எண்டு தெரியாது. தெரிஞ்சவை இப்ப எழுபது, எண்பது வயசில இருக்கினம். மைக், இன்டர்ஃபேஸ் எல்லாம் போட்டு வைச்சிருக்கிற அந்த ஐம்பது டொலர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு சனிக்கிழமை அவையிட்டப் போங்கோ. உறுதியை மேசையில விரிச்சு, அவை வாசிக்க வாசிக்க ரெக்கோர்ட் பண்ணுங்கோ. நடுவில நிப்பாட்டி "இது ஆர்?" எண்டு கேளுங்கோ. ஒவ்வொரு உறுதிக்கும் தனி ஃபைல், ஃபைல் பேரில உறுதி இலக்கமும் வருசமும்.

ஒரு உறுதிக்கு ஒரு மணித்தியாலம் பிடிக்கும் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ, நடுவில தேத்தண்ணியும் வரும். குசினிக்குப் பக்கத்து மேசை வேண்டாம், ஃபிரிட்ஜ் சத்தம் விழும். எந்த ஸ்கானர் எண்டு அடுத்த எபிசோடில கதைப்பம், கேள்வி இருந்தால் இந்த மெயிலுக்கே பதில் போடுங்கோ.