ஊரடங்குல பாடம் படிச்சது யாரு?

கொரோனாவுல நாடு நெறைய பாடம் கத்துக்கிட்டதா மேடைக்கு மேடை பேசுறாங்க. எனக்கு அப்படித் தெரியலைங்க. நீங்க டவுன்ல இருந்து பார்த்தீங்க, நான் கொல்லையில நின்னு பார்த்தேன். அந்த வித்தியாசமாவும் இருக்கலாம்.

2020 மார்ச் 24 ராத்திரி 8 மணிக்கு பிரதமர் டிவியில வந்து, 12 மணியில இருந்து ஊரடங்குன்னார். நடுவுல இருந்தது 4 மணி நேரம். செடியில தொங்குற கத்திரிக்காயை அதுக்குள்ள என்ன பண்றது? விவசாயத்துக்கு விலக்குன்னு பிற்பாடு உத்தரவு வந்துச்சு. உத்தரவு வந்துச்சே தவிர லாரி வரலை. பறிக்கிற கூலிகூட தேறாதுன்னு கொல்லைக்குள்ள மாட்டை அவிழ்த்து விட்டவங்க எங்க விழுப்புரம் பக்கம் உண்டு.

முதல் தடவை, யாருக்கும் அனுபவம் இல்லைன்னு விட்டுடலாம். ஒரு மாசம் கழிச்சு? சென்னையில 26-ம் தேதியில இருந்து 4 நாள் முழு ஊரடங்குன்னு மாநில அரசு ஏப்ரல் 24 அன்னிக்கு அறிவிச்சுது. மறுநாள் கோயம்பேட்டுல ஜனம் நெருக்கித் தள்ளுச்சு. கூட்டம் கூடாதுன்னு போட்ட உத்தரவே கூட்டத்தைக் கூட்டுச்சு. கொஞ்ச நாள்ல அங்க மூட்டை தூக்கிட்டு ஊர் திரும்புனவங்களோட கடலூர், விழுப்புரம், அரியலூர்னு நோயும் வந்துச்சு. முன்னாடியே மார்க்கெட்டை மாத்தச் சொன்னோம், வியாபாரிங்க ஒத்துக்கலைன்னு அரசு தரப்புல சொன்னாங்க. ரோட்டுல நின்னவனை லத்தியால விரட்டத் தெரிஞ்ச அரசுக்கு, பெரிய வியாபாரிங்ககிட்ட மட்டும் கெஞ்சத்தான் தெரிஞ்சுதாம்.

மே 5 கோயம்பேட்டைப் பூட்டுனாங்க. மே 7 சென்னை தவிர மத்த இடத்துல டாஸ்மாக்கைத் திறந்தாங்க. காய்க்கு வழியில்லை, பாட்டிலுக்கு வழி இருந்துச்சு. எது அவசரம்னு அவங்க நினைச்சாங்கங்கிறதுக்கு இந்த ரெண்டு தேதி போதும்.

அந்தக் கஷ்டத்துல நிஜமா கைகொடுத்தது ரேஷன் கடை. அரிசியும் கிடைச்சுது, கார்டுக்கு 1000 ரூபாயும் கிடைச்சுது. பல வருஷமா கட்டிக் காப்பாத்துன ஏற்பாடு அது. (எந்தக் கட்சி கட்டுச்சுங்கிற சண்டையை இங்க ஆரம்பிக்காதீங்க.) இதே மாதிரி காய்கறிக்கும் ஒரு ஏற்பாடு வேணும்னு தோணியிருக்கணுமில்ல? 1999-ல ஆரம்பிச்ச உழவர் சந்தை ஏற்கெனவே இருக்கு. அதை ஒன்றியத்துக்கு ஒண்ணா பெருக்கி, பக்கத்துல ஒரு குளிர்பதனக் கிடங்கு வச்சா, ஒரு மார்க்கெட் படுத்தாலும் இன்னொண்ணு நிக்கும்.

டெல்லிக்குத் தோணுனது வேற. ஜூன் 5-ம் தேதி வேளாண் அவசரச் சட்டங்களைக் கொண்டு வந்தாங்க. நாங்க வெளியில வரவே பயந்த நேரம் அது. மண்டிக்கு வெளியிலயும் விக்கலாம், அதான் விடுதலைன்னாங்க. ஐயா, எங்க ஆளுங்க காய்கறியை ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு வெளியிலதான் காலங்காலமா வித்துக்கிட்டு இருக்கோம். எங்களுக்கு வேண்டியது விலை. குறைஞ்சபட்ச ஆதரவு விலைக்கு அதுல உத்தரவாதம் இல்லை. செப்டம்பர்ல மாநிலங்களவையில குரல் ஓட்டுல நிறைவேத்துனாங்க. பஞ்சாப், ஹரியானாக்காரங்க டெல்லி எல்லையில ஒரு வருஷம் வெயில், பனின்னு கிடந்த பிறகுதான் 2021 நவம்பர்ல வாபஸ் வாங்குனாங்க.

கோயம்பேடு 2020 செப்டம்பர்லயே பழையபடி திறந்தாச்சு. எங்க ஊரு மூட்டையும் அங்கதான் போகுது. அடுத்த தேர்தலுக்கு உங்க தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வர்றவங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க: நாளைக்குக் காலையில கோயம்பேட்டை மூடுனா உங்க வீட்டுக்குத் தக்காளி எந்த வழியா வரும்?