பழுதானது யாருடைய வண்டி?

உணவையும் மளிகையையும் வீடுதேடிக் கொண்டுசேர்க்கும் நிறுவனங்கள் தமது விநியோகப் படையின் அளவைக் காட்டியே முதலீட்டாளர்களை ஈர்க்கின்றன. ஆனால் அப்படையின் வண்டிகள் பெரும்பாலும் தொழிலாளி கடனில் வாங்கியவை, அல்லது வாடகைக்கு எடுத்தவை.

குர்கானிலோ பெங்களூருவிலோ மழைநீர் தேங்கிய சாலையில் ஒரு வண்டி நின்றுவிடுகிறது என்று கொள்வோம். செயலி அந்த ஆர்டரை அருகிலுள்ள மற்றொருவருக்கு மாற்றிவிடுகிறது. நிறுவனத்தின் கணக்கில் பழுது அத்துடன் தீர்ந்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டு மெக்கானிக்கைத் தேடுபவருக்கோ அன்றைய ஊக்கத்தொகை கைநழுவுகிறது. பட்டறைச் செலவு, இழந்த நேரம், மாதத் தவணை யாவும் அவர் தலையில்.

‘சொந்த வண்டி வைத்திருப்பவர் எப்படித் தொழிலாளி? அவர் எங்கள் பங்காளி’ என்கின்றனர் முதலாளிகள். விந்தையான பங்காளி! கட்டணத்தை நிர்ணயிக்கும் உரிமை இல்லை, இலாபத்தில் பங்கில்லை, நட்டம் மட்டும் முழுமையாக அவருடையது. உழைப்புக் கருவிகளின் தேய்மானம் மாறா மூலதனத்தைச் சார்ந்தது, அதை ஈடுசெய்வது முதலாளியின் செலவு என்பது ‘மூலதனம்’ பயின்றோர் அறிந்ததே. இங்கு அச்செலவு தொழிலாளியின் வருவாயிலிருந்து கழிகிறது. எனவே அவர் கைக்கு வரும் தொகை முழுவதையும் கூலி என்பது மோசடி. பெட்ரோல், டயர், பழுது, தவணை போக எஞ்சுவதே கூலி.

அஞ்சல் துறையின் மெயில் மோட்டார் சர்வீசுக்குச் சொந்தப் பணிமனைகள் உண்டு. அங்கே வண்டி நின்றால் ஓட்டுநரின் ஊதியம் நிற்பதில்லை. (அங்கும் ஒப்பந்தமுறை ஊடுருவுவது தனிக் கதை.)

வீட்டிலிருந்து பீடி சுற்றுவோரையும் தொழிலாளராக ஏற்றது 1966ஆம் ஆண்டுச் சட்டம். 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்போ கிக் தொழிலாளரை மரபான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே நிறுத்தியே வரையறுக்கிறது. நிறுவனம் தன் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காடு நிதியளிக்க வேண்டுமாம். அதற்கும், தொழிலாளருக்குத் தரும் தொகையில் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாதென்ற உச்சவரம்பு. 2029-30இல் இத்தொழிலாளர் 2.35 கோடியாவர் என்று கணித்தது அரசின் நிதி ஆயோக்கேதான். அத்தனை பேரின் வண்டிகளுக்கும் யார் பொறுப்பு?

பழுதான நேரத்துக்குக் குறைந்தபட்சக் கூலி, கிலோமீட்டர் கணக்கில் தேய்மானப்படி, பழுதினால் கைவிட்ட ஆர்டருக்காகக் கணக்கை முடக்கத் தடை ஆகியவற்றைத் தொழிற்சங்கம் உடனடிக் கோரிக்கைகளாக எழுப்ப வேண்டும். இத்தொழிலாளரிடையே பணியாற்றும் தோழர்கள் முதலில் மூன்று மாதப் பட்டறை ரசீதுகளைத் திரட்டி, தொழிலாளர் துறைக்கு அளிக்கும் மனுவுடன் இணைக்கட்டும்.