தினம் ஒரு பதிவு என்னும் மூடநம்பிக்கை

இணையத்தில் உடல்நலமும் உடற்பயிற்சியும் எழுத வருகிற எவருக்கும் முதல் வாரத்திலேயே ஓர் உபதேசம் கிடைத்துவிடும்: தினமும் போடுங்கள். ஒரு நாள் விட்டால் வாசகர் மறந்துவிடுவார், ஒரு வாரம் விட்டால் கூகுள் கைவிட்டுவிடும், ஒரு மாதம் விட்டால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதைச் சொல்லித்தரக் கட்டண வகுப்புகள் உண்டு. முப்பது நாளில் முப்பது பதிவு என்று சவால்கள் உண்டு. நாள் முழுக்க கிளினிக்கில் நின்றுவிட்டு, பிள்ளைகள் தூங்கிய பிறகு லேப்டாப்பைத் திறக்கிற பிசியோதெரபிஸ்ட்டும், காலை ஐந்து மணி வகுப்புக்கு எழ வேண்டிய யோகா ஆசிரியரும் இதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு மூன்று மாதம் மாரடிக்கிறார்கள். நான்காவது மாதம் கடையைக் கட்டுகிறார்கள். "நேரம் ஒதுக்க முடியவில்லை, அதனால்தான் வாசகர் சேரவில்லை" என்று தங்களையே நொந்துகொள்கிறார்கள்.

அவர்கள் நொந்துகொள்ள வேண்டியதில்லை. அந்த உபதேசம்தான் தப்பு. மற்ற துறைகளில் அது வெறும் வீண் உழைப்போடு போய்விடும். உடல்நல எழுத்தில் அது ஆபத்தும்கூட.

தினமும் வெளிவர வேண்டும் என்பது நாளிதழின் விதி. நேற்றைய செய்தி இன்று பழசு என்பதால் அங்கே அது நியாயம். உடல்நலக் கட்டுரையைத் தேடி வருகிறவர் அப்படி வருவதில்லை. அப்பாவுக்குச் சாப்பிடுவதற்கு முன்பே சுகர் 240 காட்டியிருக்கிறது. பிரசவத்துக்குப் பிறகு இடுப்பு வலி விடவில்லை. ஜிம்மில் சேர்ந்த மகன் புரோட்டீன் பவுடர் கேட்கிறான். இப்படி ஏதோ ஒன்று நடந்த இரவில், கையில் போனோடு, ஒரே ஒரு கேள்விக்கு விடை தேடி அவர் வருகிறார். நீங்கள் இன்று காலை என்ன போட்டீர்கள் என்பது அவருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். அவருடைய கேள்விக்கான பதில் உங்களிடம் இருக்கிறதா, இருந்தால் நம்பலாமா என்பது மட்டும்தான் அவர் கவலை. அவர் கேட்கிற கேள்விகளும் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறுவதில்லை. முட்டி வலி இருந்தால் நடக்கலாமா என்பதைப் போன வருடமும் கேட்டார்கள், அடுத்த வருடமும் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு 2 நல்ல பக்கங்கள் போதும். 365 பக்கங்கள் எதற்கு?

கூகுள் கைவிட்டுவிடும் என்ற பயமுறுத்தலையும் பார்த்துவிடலாம். எண்ணிக்கையை நம்பிப் பிழைத்த காலம் ஒன்று இருந்தது உண்மைதான். அமெரிக்காவின் டிமாண்ட் மீடியா நிறுவனம், மக்கள் என்ன தேடுகிறார்கள் என்று கணினியை வைத்துக் கணக்கெடுத்து, கட்டுரைக்கு 15 டாலர் அளவில் கூலி கொடுத்து, ஆயிரக்கணக்கில் எழுதிக் குவித்தது. 2011 ஜனவரியில் அது பங்குச் சந்தையில் இறங்கியபோது, அதன் மதிப்பு நியூயார்க் டைம்ஸ் நிறுவனத்தின் மதிப்பையே தாண்டியது. அடுத்த மாதமே கூகுள் 'பாண்டா' என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் ஏறக்குறைய 12 சதவீதத் தேடல்களின் முடிவுகள் அதனால் மாறின. அதன் குறியே இப்படிக் குவிக்கப்பட்ட மேலோட்டமான பக்கங்கள்தான். டிமாண்ட் மீடியாவின் 'ஈஹவ்' தளமும் சில மாதங்களில் அடி வாங்கியது. 2018 ஆகஸ்டில் வந்த இன்னொரு பெரிய மாற்றத்தில் உடல்நலத் தளங்கள் பல மேலும் கீழுமாகப் புரண்டன. துறைக்காரர்கள் அதற்கு 'மெடிக்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். தேடல் முடிவுகளின் தரத்தை மதிப்பிடுகிறவர்களுக்குக் கூகுள் தரும் கையேட்டில், உயிரையும் பணத்தையும் தொடுகிற விஷயங்கள் தனி வகை. அங்கே எழுதியவர் யார், அவருக்கு என்ன தெரியும், அவரை நம்பலாமா என்றெல்லாம் கூடுதலாகப் பார்க்கச் சொல்கிறார்கள். 2022 டிசம்பரில் அந்தப் பட்டியலில் நேரடி அனுபவமும் சேர்ந்தது.

கூகுள் தன் வழிகாட்டுக் குறிப்புகளில், எழுதுகிறவர்கள் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகளையும் கொடுத்திருக்கிறது. ஏதாவது ஒன்று எடுபடாதா என்று பல தலைப்புகளில் அள்ளிப் போடுகிறீர்களா? உள்ளே ஒன்றையும் மாற்றாமல் தேதியை மட்டும் புதுசாக்குகிறீர்களா? தளம் புதுசாகத் தெரியட்டும் என்று நிறையச் சேர்க்கிறீர்களா? 'ஆம்' என்று பதில் வந்தால் திருத்திக்கொள்ளச் சொல்கிற கேள்விகள் இவை. கட்டண வகுப்பில் சொல்லித்தருவதோ இவற்றையேதான்.

இனி நேரக் கணக்கு. வேலை, வீடு போக ஒருவருக்கு வாரத்தில் ஐந்து மணி நேரம் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். தினம் ஒன்று என்றால் ஒரு பதிவுக்கு முக்கால் மணி நேரம்கூட இல்லை. அதற்குள் தலைப்பு யோசித்து, எழுதி, படம் தேடி, ஏற்றியும் விட வேண்டும். சரிபார்க்க நேரம் எங்கே? அடுத்தவர் எழுதியதைக் கொஞ்சம் மாற்றிப் போடுவது தவிர வேறு வழியே இல்லை. அவரும் அப்படித்தான் போட்டிருப்பார். தினம் 10,000 ஸ்டெப்ஸ் நடந்தே தீர வேண்டும் என்ற கட்டளை பரவியது இப்படித்தான். அது 1965இல் ஜப்பானிய நிறுவனம் ஒன்று காலடி எண்ணும் கருவியை விற்க வைத்த எண். 2019இல் ஐ-மின் லீ குழுவினர் 16,000க்கும் மேற்பட்ட வயதான பெண்களை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையில், நாளுக்கு 4,400 காலடி அளவிலேயே இறப்பு விகிதம் குறைவாக இருந்தது. 7,500 அளவைத் தாண்டியபின் கூடுதல் பலன் தெரியவில்லை. எழுபது வயது அம்மா ஒருவர் 4,000 காலடி நடந்துவிட்டு "என்னால் முடியவில்லையே" என்று மனசு விட்டுப் போகிறார் என்றால், அதில் தினப் பதிவுக்காரர்களுக்கும் பங்கு உண்டு.

சரக்கு தீர்ந்த பிறகு நடப்பது இன்னும் மோசம். 'ஒரே வாரத்தில் சுகரை விரட்டும் பொடி', 'தொப்பையைக் கரைக்கும் தண்ணீர்' என்று தலைப்புகள் இறங்கிவிடும். நீரிழிவையும் உடல் பருமனையும் குணமாக்குவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. விளம்பரத்தில் சொன்னால் குற்றமாகும் பேச்சு, பதிவில் வந்தால் ஆரோக்கியக் குறிப்பு ஆகிவிடுகிறது.

சரி, ஒரு கேள்விக்கு ஒழுங்காகப் பதில் எழுத என்ன வேண்டும்? நம் ஊரில் தினமும் கேட்கப்படுகிற கேள்வியையே எடுத்துக்கொள்வோம்: சுகர் இருக்கிறவர் கேழ்வரகு சாப்பிடலாமா?

தினப் பதிவுக்காரர் 'கேழ்வரகின் பத்து நன்மைகள்' என்று முடித்துவிடுவார். கொஞ்சம் உட்கார்ந்து பார்த்தால் விஷயம் அவ்வளவு சுலபமில்லை. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணையில், 100 கிராம் கேழ்வரகில் மாவுச்சத்து 72 கிராம், நார்ச்சத்து 3.6 கிராம், கால்சியம் 344 மில்லிகிராம். அதே நிறுவனம் 2017இல் வெளியிட்ட புதிய அட்டவணையில் மாவுச்சத்து ஏறக்குறைய 67, நார்ச்சத்து 11, கால்சியம் 364. தானியம் மாறிவிடவில்லை. நார்ச்சத்தை அளக்கும் முறைதான் மாறியிருக்கிறது. பழைய முறை பெரும்பகுதி நாரைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. 3.6 என்று இன்றும் பகிர்கிறவர்கள் அரை நூற்றாண்டுக்கு முந்தைய அளவையைப் பகிர்கிறார்கள்.

எண்ணைச் சரிசெய்தால் மட்டும் போதாது. எந்த அட்டவணையைப் பார்த்தாலும் கேழ்வரகில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் மாவுச்சத்துதான். அரிசியைவிட நாரும் கால்சியமும் கூடுதல், அவ்வளவே. அளவில்லாமல் சாப்பிட உரிமம் இல்லை. நைசாக அரைத்த மாவில் காய்ச்சிய கூழும், காய்கறி சேர்த்துச் சுட்ட அடையும் சுகரை ஒரே மாதிரி ஏற்றாது. யாருக்கு எவ்வளவு ஏறுகிறது என்பதைச் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து குளுக்கோமீட்டரில் பார்த்தால்தான் தெரியும். சிறுநீரகம் பாதித்தவருக்குக் கணக்கே வேறு. கேழ்வரகிலுள்ள பொட்டாசியத்தையும் பாஸ்பரஸையும் நினைத்து, மருத்துவரைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். இத்தனையும் ஒரு பக்கத்தில் தெளிவாக வந்தால், படித்தவர் அதை அக்காவுக்கு அனுப்புவார், அக்கா சம்பந்திக்கு அனுப்புவார். முக்கால் மணி நேரத்தில் இதை எழுத முடியாது. ஒரு மாதத்தின் ஓய்வு நேரத்தில் எழுதலாம்.

இப்படி நின்று நிலைத்ததற்கு நம் மண்ணிலேயே முன்னுதாரணம் இருக்கிறது. 1937இல் குன்னூரிலிருந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தின் இயக்குநர் டபிள்யூ. ஆர். அக்ராய்டு, இந்திய உணவுகளின் சத்து மதிப்பு பற்றி ஒரு சிறு வெளியீட்டைக் கொண்டுவந்தார். அந்த ஆய்வுக்கூடம் 1958இல் ஹைதராபாத்துக்குப் போய்ப் பின்னாளில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. அக்ராய்டின் வெளியீட்டைத் தூக்கிப் போடாமல் அங்கே திருத்தித் திருத்திப் பதிப்பித்தார்கள், இயக்குநர் சி. கோபாலன் காலத்தில் அது முழு நூலாக வளர்ந்தது. மேலே சொன்ன பழைய அட்டவணை அந்த வழியில் வந்ததுதான். ஒரே வேலையைப் பல தலைமுறைகள் கைமாற்றிக் கைமாற்றிச் செம்மைப்படுத்தியிருக்கின்றன.

உடற்பயிற்சியில் இன்னொரு உதாரணம். 1996இல் ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்க இளைஞர், ஓடியே பழகாதவர்களுக்காக ஒரு திட்டம் வகுத்தார். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் அரை மணி நேரம் போல, நடையும் ஓட்டமும் கலந்து ஒன்பது வாரம். முடிவில் ஐந்து கிலோமீட்டர். ஐம்பதுகளில் இருந்த தன் அம்மாவையும் ஓட வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. பிரிட்டனின் பொது சுகாதாரத் துறை பின்னர் அதை எடுத்துக்கொண்டு செயலியாகவே வெளியிட்டது. முப்பது ஆண்டாகப் புதிய புதிய ஆட்கள் அந்த ஒரு திட்டத்தைத் தேடி வந்துகொண்டே இருக்கிறார்கள்.

எதிர்வாதங்கள் உண்டு. இன்ஸ்டாகிராமிலும் யூடியூபிலும் அடிக்கடி போடுகிறவர்தானே முன்னே வருகிறார் என்பார்கள். ரீல்ஸைப் பொறுத்தவரை அதில் உண்மை உண்டு. ஆனால் ரீலின் ஆயுசு குறைவு. அதை மட்டுமே நம்புகிறவர் வாழ்நாளெல்லாம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நேரம் குறைவாக உள்ளவர் தேர்ந்தெடுக்க வேண்டிய களம் அதுவல்ல. தினமும் எழுதினால்தானே கை பழகும் என்பார்கள். தாராளமாகத் தினமும் எழுதுங்கள். எழுதியதையெல்லாம் வெளியிட வேண்டும் என்று யார் சொன்னது? தமிழில் உடல்நல எழுத்து குறைவு, எதையாவது போட்டு நிரப்பலாமே என்பார்கள். குறைவு என்பதால்தான் கவனம் இரட்டிப்பாக வேண்டும். ஆங்கிலத்தில் தப்பான பக்கத்துக்குப் பக்கத்திலேயே சரியான பக்கம் பத்து கிடைக்கும். தமிழில் உங்கள் பக்கம் மட்டுமே கிடைக்கலாம். அது தப்பாக இருந்தால் திருத்த ஆளில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எண்ணிக்கைப் போட்டியில் மனிதன் தோற்று முடிந்துவிட்டது. செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒரு மணி நேரத்தில் நூறு கட்டுரை தள்ளிவிடும். அப்படி மொத்தமாக உற்பத்தி செய்யும் பக்கங்களை 2024 மார்ச்சில் கூகுள் தன் ஸ்பாம் விதிகளில் சேர்த்தது. 'நார்ச்சத்தின் நன்மைகள்' போன்ற பொதுவான விஷயங்களைத் தேடலின் உச்சியிலேயே இயந்திரம் சுருக்கிச் சொல்லிவிடுவதால், அத்தகைய கட்டுரைகளைத் திறந்து பார்ப்பவர்களும் குறைகிறார்கள். இயந்திரத்துக்கு இல்லாதது, தினமும் முப்பது முட்டிகளைத் தொட்டுப் பார்க்கிற பிசியோதெரபிஸ்ட்டின் கை. எந்தப் பயிற்சியை எல்லோரும் தப்பாகச் செய்கிறார்கள், எந்த இடத்தில் பயந்து நிறுத்திவிடுகிறார்கள் என்று அவருக்குத் தெரியும். நேரமில்லாமல் செய்கிற அந்த வேலைதான் அவருடைய மூலதனம். அதை ஒதுக்கிவைத்துவிட்டு ஊரார் பதிவை மாற்றி எழுத உட்கார்வதைப் போல மடத்தனம் வேறில்லை.

ஆகவே வாரம் நான்கைந்து மணி நேரம் உள்ளவர், தன்னிடம் வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற பத்துப் பன்னிரண்டு கேள்விகளை அவர்கள் வாய்மொழியிலேயே எழுதிவைத்துக்கொள்ளட்டும். மாதம் ஒன்றுக்கு முழுப் பதில் எழுதட்டும். மிஞ்சும் நேரத்தில் பழைய பதில்களை எடுத்துப் பார்த்து, மாறிய எண்ணை மாற்றி, என்ன மாற்றினோம் என்று ஒரு வரி சேர்க்கட்டும். பெயரையும் படிப்பையும் மேலே போடட்டும். சான்றிதழ் பெற்ற மருத்துவர்களும் உடல்நல, உடற்பயிற்சி நிபுணர்களும் உடல்நலம் பேசும்போது தங்கள் தகுதியை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று மத்திய அரசின் 2023 ஆகஸ்ட் வழிகாட்டுதலே சொல்கிறது. அதே கேள்வியோடு அடுத்த ஆள் வரும்போது அந்தப் பக்கத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும். ஆண்டு முடிவில் பன்னிரண்டு பக்கங்கள் இருக்கும். கூட்டம் மெதுவாகத்தான் சேரும். ஆனால் சேர்ந்த கூட்டம், எழுதியவர் ஒரு மாதம் ஊருக்குப் போனாலும் கலையாது.

தினமும் போடச் சொல்லும் வகுப்பாசிரியரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: போன வருடம் போட்ட 365இல், உங்கள் சொந்த அம்மாவுக்கு எத்தனையை அனுப்புவீர்கள்? அவர் சொல்லும் எண்ணிக்கைதான் அவர் எழுதியிருக்க வேண்டிய எண்ணிக்கை. மீதியைப் படித்த அம்மாக்களுக்கு அவர் பதில் சொல்ல வேண்டும்.