எட்டு டிராக்கும் ஒரு சதிரும்

விராலிமலை என்றதும் நிறையப் பேருக்கு மயில் ஞாபகம் வரும். சிலருக்கு முருகனுக்குப் படைக்கிற சுருட்டு. சதிர் ஞாபகம் வருகிறவர்கள் ரொம்பக் குறைவு. 2022ல் முத்துக்கண்ணம்மாளுக்கு பத்மஸ்ரீ அறிவித்தபோதுதான் பல பேர் அந்த வார்த்தையையே முதல் தடவை கேட்டிருப்பார்கள்.

விராலிமலை முருகன் கோயிலில் இருந்த 32 தேவரடியார்களில் கடைசித் தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். ஏழு வயதில் பொட்டுக் கட்டினார்கள். அப்பா ராமச்சந்திர நட்டுவனார்தான் குரு. 1947ல் சென்னை மாகாணத்தில் பொட்டுக் கட்டுவதைத் தடுத்துச் சட்டம் வந்தது. 1948ல் புதுக்கோட்டை சமஸ்தானமும் இந்தியாவோடு சேர்ந்தது. முடிய வேண்டிய ஏற்பாடுதான், அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் அந்தப் பெண்களின் வித்தையும் பிழைப்பும் கூடவே போனதைப் பற்றி அப்போது அதிகம் பேர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்த விராலிமலைச் சதிரின் இசையைப் பல வாத்தியங்களோடு ஒலிப்பதிவு செய்ய ஒரு இசை மாணவர் கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். படிப்பு முடிக்க ஒரு ப்ராஜெக்ட் வேண்டும், கையில் ஒரு லேப்டாப், ஒரு நல்ல மைக், எட்டு டிராக் போடுகிற ஒரு சாஃப்ட்வேர். முதலில் க்ளிக் சத்தத்தைப் போட்டுக்கொள்வார். அதன் மேல் ஞாயிற்றுக்கிழமை மிருதங்கம், செவ்வாய்க்கிழமை கிளாரினெட், அடுத்த வாரம் பாட்டு. ஜால்ராவை அவரே தட்டிவிடுவார். எல்லாவற்றையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் வேலை முடிந்தது.

இப்படிச் செய்வதில் தப்பே இல்லை, புதிதாக ஒரு பாட்டு போடுவதாக இருந்தால். 1992ல் ரோஜா வந்த பிறகு தமிழ்நாட்டுக் காது இந்த அடுக்கு முறைக்குப் பழகிவிட்டது. அதற்கு முன்னால் ஒரு பெரிய ஹாலில் ஐம்பது பேர் சேர்ந்து வாசித்து, ஒருவர் தப்பு விட்டால் எல்லாரும் முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். அந்தக் கஷ்டம் இப்போது யாருக்கு வேண்டும்? சதிரில் மட்டும் இந்த முறை இடிக்கிறது. ஏன் என்று பார்த்தால் ரொம்ப சுவாரஸ்யமாக இருக்கிறது.

பழைய சதிரில் வாத்தியக்காரர்கள் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். ஆடுகிறவளின் பின்னால் நின்றபடி, அவள் முன்னால் போனால் இவர்களும் முன்னால், பின்னால் வந்தால் இவர்களும் பின்னால். மிருதங்கத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசிப்பார்கள். முகவீணை, சுருதிக்குத் துத்தி, நட்டுவனார் கையில் தாளம். பிறகு முகவீணை இருந்த இடத்துக்குக் கிளாரினெட் வந்தது. 1930களில் ருக்மிணி தேவி காலத்தில்தான் இவர்களை மேடையின் ஒரு ஓரத்தில் உட்கார வைத்தார்கள். பார்க்க அழகாக இருந்தது, வாஸ்தவம். ஆனால் ஆடுகிறவளுக்கும் வாசிக்கிறவனுக்கும் நடுவில் பத்தடி இடைவெளி அன்றைக்கு விழுந்தது. ஞாயிறு ஒருவர், செவ்வாய் ஒருவர் என்று பதிவு செய்யும்போது அந்தப் பத்தடி இரண்டு நாளாக ஆகிவிடுகிறது.

இன்னொன்று. முத்துக்கண்ணம்மாள் ஆடிக்கொண்டே பாடுகிறவர். ஒரு பதத்தில் ஒரு வரியை அபிநயத்துக்காகத் திரும்பத் திரும்பப் பாட வேண்டும். நாலு தடவையா ஏழு தடவையா என்பது முன்கூட்டி எழுதி வைத்த கணக்கு இல்லை. கையும் கண்ணும் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தால் அடுத்த வரி. நட்டுவனார் அவள் காலைப் பார்ப்பார், மிருதங்கக்காரர் நட்டுவனார் கையைப் பார்ப்பார். மூச்சு வாங்கினால் காலம் ஒரு நூல் இறங்கும், தீர்மானம் வந்தால் ஏறும். க்ளிக்குக்கு இதெல்லாம் தெரியுமா? நட்டுவனார் இருந்த இடத்தில் மெஷினை வைத்தால், மெஷினுக்குப் பின்னால் ஆள் ஓட வேண்டியதுதான்.

சலங்கையும் ஒரு வாத்தியம்தானே, அதை எந்த டிராக்கில் போடுவது? ஆடாமல் சும்மா கையில் எடுத்துக் குலுக்கியா?

சுருதித் தொல்லை வேறு. புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையால் கச்சேரிக்கு வந்த கஞ்சிராவை எடுத்துக்கொள்ளுங்கள். தோலில் தண்ணீர் தடவி இறக்கித்தான் வாசிக்க முடியும். காய்ந்தால் ஏறிவிடும். காலையில் எடுத்த டேக்கும் மத்தியானம் எடுத்த டேக்கும் ஒட்டாது. சேர்ந்து வாசிக்கும்போது அவர் நடுவில் தண்ணீர் தொட்டுக்கொள்வார், யாருக்கும் தெரியாது. தனியாக எடுத்தால் அது ஒரு பிழையாகி, திருத்த இன்னொரு சாஃப்ட்வேர்!

அதற்காகப் பழைய ஒலிப்பதிவெல்லாம் புனிதம் என்று சொல்ல வரவில்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரே குழலின் முன் எல்லாரையும் நெருக்கி நிறுத்தி, சத்தம் பெரிதாக வருகிற வாத்தியத்தைப் பின்னால் தள்ளி வைத்துத்தான் பதிவு செய்தார்கள். இசைத்தட்டின் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிஷம். அரை மணி நேரப் பதத்தை அதற்குள் அடைத்தால் என்ன மிஞ்சும்? இன்றைய மாணவருக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஒரு மெமரி கார்டில் ராத்திரி முழுக்கப் பதிவு செய்யலாம். அந்த வசதியை விட்டுவிட்டு, மூன்று நிமிஷத் துண்டுகளை அடுக்குவதில்தான் நம் ஆட்களுக்கு ஆசை.

இரண்டு நல்ல மைக்கை எதிரில் வைத்து, பழையபடி எல்லாரையும் நிற்க வைத்து, ஆட விட்டு, ஒரே மூச்சில் எடுக்கலாம். ஒருவர் மைக்கில் இன்னொருவர் சத்தம் விழும், விழட்டும். அந்தக் கலப்பில்தான் யார் எங்கே நின்றார்கள் என்பது இருக்கிறது. விராலிமலையில் எடுத்தால் நடுவில் மயில் அகவும், மதுரை ரோட்டில் லாரி ஹாரன் அடிக்கும். அதையெல்லாம் துடைக்கப் போய் சலங்கையையும் துடைத்துவிடாமல் இருந்தால் போதும்.

இதில் உண்மையான சிக்கல் காசு. தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொருவரும் தங்களுக்கு ஒழிந்த நேரத்தில் வந்து போவார்கள், மாணவருக்குச் செலவு கம்மி. ஐந்து பேரை ஒரே நாளில் ஒரே இடத்தில் சேர்ப்பது என்றால் ஐந்து பேருக்கும் அன்றைக்கு வேறு கச்சேரி இருக்கக்கூடாது, முழு நாள் சம்பளம் வேண்டும். பட்ஜெட் போடும்போது மைக்குக்கு ஒரு வரி, லேப்டாப்புக்கு ஒரு வரி எழுதுகிறோம். வாசிக்கிறவர் சம்பளத்தைக் கடைசியில் 'இதர செலவுகள்' என்ற வரிக்குள் திணிக்கிறோம். முகவீணை வாசிக்கத் தெரிந்தவரைத் தேடுவதே பெரும்பாடு. மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் நாதசுவரம், தவில், மிருதங்கம், வயலின் எல்லாம் சொல்லித் தருகிறார்கள், முகவீணைக்கென்று ஒரு பிரிவு கிடையாது. அப்படி ஒருவர் கிடைத்தால், இரண்டாவது மைக் வாங்க வைத்திருக்கும் பணத்தை முதலில் அவருடைய பஸ் சார்ஜுக்கும் சம்பளத்துக்கும் எடுத்து வைக்கலாம். ஒரு மைக்கை வைத்துக்கூட நல்ல ஒலிப்பதிவு செய்ய முடியும்.