சாலையும் ஒரு கரைதான்

கார்த்திகை அடைமழை விட்ட மறுநாள் காலை, சிதம்பரத்துக்குக் கிழக்கே ஏதாவது ஒரு கிராமச் சாலையில் நின்று பாருங்கள். சாலைக்கு மேற்கே சம்பாப் பயிர் நுனி மட்டும் தெரிய முழுகிக் கிடக்கும். கிழக்கே தண்ணீர் ஒரு முழம் தாழ்ந்து, கடலை நோக்கி வடிந்துகொண்டிருக்கும். இரண்டுக்கும் நடுவே அந்தக் கோடையில் போட்ட புதுத் தார்ச்சாலை. அதன் அடியில் ஒரே ஒரு சிமென்ட் குழாய். அதன் வாயை ஆகாயத்தாமரையும் கிழிந்த நைலான் வலையும் அடைத்திருக்கும். மண்வெட்டி, கடப்பாரையோடு ஆட்கள் வந்து நிற்பார்கள். சாலையை வெட்டினால் பயிர் பிழைக்கும். ஆனால் இரவில் பிரசவ வலி எடுத்தால் ஆம்புலன்ஸ் வராது.

சாலை கேட்டுப் பல ஆண்டுகள் மனுக் கொடுத்த ஊரே, கிடைத்த சாலையை வெட்டலாமா என்று கூடி நிற்கும் நிலை ஏன் வருகிறது? கிராமச் சாலைச் சீரமைப்பின் சுற்றுச்சூழல் பாதிப்பு என்றதும் வெட்டப்படும் புளியமரமும் கிளம்பும் புழுதியும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. அவையும் கவலைக்குரியவையே. ஆனால், கடலூர் மாவட்டத்தில் முதலில் கேட்க வேண்டியது தண்ணீரைப் பற்றித்தான்.

பல மாவட்டங்களின் வடிகால்

தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் ஆகிய அத்தனையும் கடலூர் மாவட்டக் கடற்கரையில் அல்லது அதன் எல்லையில் கடலைச் சேர்கின்றன. கர்நாடகத்தில் பெய்யும் மழைக்கும், கல்வராயன் மலையில் பெய்யும் மழைக்கும் இதுவே வாசல். 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியபோதும், 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலை அடுத்து சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டபோதும் இந்த மாவட்டம் பட்ட பாட்டை நாடே பார்த்தது. வீராணம் ஏரி நிரம்பினால் அதன் உபரிநீர் ஒரு பக்கம் வெள்ளாற்றுக்கும், மறுபக்கம் லால்பேட்டை வழியாக வெள்ளியங்கால் ஓடைக்கும் போகிறது. அந்த ஓடை நிரம்பினால் காட்டுமன்னார்கோவில், சிதம்பரம் வட்டாரக் கிராமங்களில் தூக்கம் போய்விடும்.

இங்கே நிலத்தின் சரிவு கண்ணுக்கே தெரியாத அளவு சிறியது. இப்படிப்பட்ட மண்ணில் ஓர் அடி உயர்த்திப் போடும் எந்தச் சாலையும், போட்டவர்கள் எண்ணினாலும் எண்ணாவிட்டாலும், நீரை மறிக்கும் கரையாகிவிடுகிறது. நம் முன்னோர் கரை எழுப்பியபோது மதகும் கலிங்கும் சேர்த்தே கட்டினார்கள். சோழர் காலத்து வீராணம் முதல் 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே ஆர்தர் காட்டன் கட்டிய கீழணை வரை, தண்ணீரைத் தடுக்கும் இடத்தில் அதை வெளியேற்றும் வழியும் கூடவே யோசிக்கப்பட்டது. இன்று சாலை போடுகிறவர்கள் தாங்கள் எழுப்புவதும் ஒரு கரை என்பதை மறந்துவிடுகிறார்கள். எத்தனை கிலோமீட்டர் முடிந்தது என்பதே சாதனைக் கணக்காக இருக்கும்வரை, எஸ்டிமேட்டைக் குறைக்க முதலில் கைவைக்கப்படுவது சிறுபாலங்களில்தான்.

சுனாமி தந்த பாடம்

2004 டிசம்பர் 26 அன்று தேவனாம்பட்டினம் முதல் கிள்ளை வரை கடற்கரை ஊர்கள் சிதைந்தன. மறுவாழ்வுப் பணிகளுக்காக ஆசிய வளர்ச்சி வங்கி 2005 ஏப்ரலில் தமிழ்நாடு, கேரளம் இரண்டுக்கும் சேர்த்து 20 கோடி டாலர் ஒதுக்கியது. அதில் பாதி கடன், பாதி மானியம். கடலூர், சிதம்பரம் பகுதிகளின் கிராமச் சாலைச் சீரமைப்பும் அந்தப் பணிகளில் அடங்கும். கடன் தரும் வங்கி ஒரு நிபந்தனை வைத்தது: வேலை தொடங்குமுன் ஒவ்வொரு தொகுப்புக்கும் முதற்கட்டச் சுற்றுச்சூழல் ஆய்வும், பாதிப்பைக் குறைக்கும் மேலாண்மைத் திட்டமும் வேண்டும். மண் எங்கே எடுப்பது, வடிகாலை எப்படிக் காப்பது, தார் காய்ச்சும் இடம் குடியிருப்பிலிருந்து எவ்வளவு தள்ளி இருப்பது, தொழிலாளர் தங்குமிடத்தின் கழிவு எங்கே போவது என்பதையெல்லாம் முன்கூட்டி எழுதிவைக்கச் சொல்வதுதான் இந்த ஏற்பாடு.

நம் சட்டம் இவ்வளவுகூடக் கேட்பதில்லை. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, சாலைகளில் தேசிய, மாநில நெடுஞ்சாலைகளைப் பற்றித்தான் பேசுகிறது. கிராமச் சாலை அதன் கண்ணில் படுவதே இல்லை. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் இரண்டு, மூன்று கிலோமீட்டர்தான். ஆனால், ஒரே வடிகால் பரப்பில் குறுக்கும் நெடுக்குமாகப் பத்துச் சாலைகள் உயரும்போது, அதன் மொத்த விளைவைக் கணக்குப் பார்க்க எந்த அலுவலகத்துக்கும் பொறுப்பு இல்லை.

எழுதிவைத்த திட்டங்களும் எப்போதும் காப்பாற்றிவிடுவதில்லை. ஜல்லிக்குக் கன மீட்டர் விலை உண்டு, தாருக்கு டன் விலை உண்டு. மண் எடுத்த குழியைச் சமன் செய்வதும், சுரண்டிய பழைய தார்ச் சில்லுகளை வாய்க்காலில் தள்ளாமல் அப்புறப்படுத்துவதும் பெரும்பாலும் ஒப்பந்ததாரரின் ‘சொந்தப் பொறுப்பு’. பில்லில் இல்லாத வேலை பூமியில் நடப்பது அரிது.

நீரோட்டம் நின்றால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம், பிச்சாவரமே போதும். அங்கே பழைய நாள்களில் மரங்களை மொத்தமாக வெட்டிய இடங்களில் தரை தொட்டிபோலத் தாழ்ந்தது. உள்ளே வந்த ஓதநீர் திரும்ப வடிய வழியின்றித் தேங்கி, உப்பு ஏறி, அலையாத்திக் காடு அழிந்தது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத் துறையும் கிராம மக்களும் சேர்ந்து மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டி, ஓதநீர் ஏறி இறங்க வழிசெய்த பிறகே காடு மீண்டது. அந்தக் காட்டின் அருமையை 2005இல் ‘சயன்ஸ்’ ஆய்விதழ் உலகுக்கே சொன்னது: கடலூர் மாவட்டத்தில் அலையாத்தியும் சவுக்கும் அரணாக நின்ற ஊர்களில் சுனாமியின் சேதம் குறைவு. கடற்கரைக்குப் போடும் சாலை ஓர் உப்பங்கழியை மறித்தால், நம்மைக் காத்த அரணையே நாம் உள்ளிருந்து அழிக்கிறோம்.

மண் யாருடையது?

அடுத்த கேள்வி, சாலையை உயர்த்தக் கொட்டும் மண் எங்கிருந்து வருகிறது என்பது. சிதம்பரம் பக்கம் களிமண். மழையில் ஊறி உப்பும், வெயிலில் வெடிக்கும். அது சாலைக்கு உதவாது என்பதால் செம்மண் கிராவல் கேப்பர் மலைப் பக்கத்து மேட்டு நிலங்களிலிருந்து வருகிறது. ஜல்லிக்கு விழுப்புரம் மாவட்டத்துக் கல்குவாரிகளை நாட வேண்டும். ஓர் ஊரின் சாலைக்காகச் சுமை லாரிகள் ஓடும்போது, வழியில் உள்ள நாலு ஊர்களின் சாலைகள் நொறுங்குகின்றன. அந்தச் செலவு எந்த எஸ்டிமேட்டிலும் ஏறுவதில்லை.

செலவைச் சுருக்க, சாலையோரத்திலேயே பொக்லைன் வைத்துத் தோண்டும் வழக்கமும் உண்டு. அந்தக் குழிகளில் தேங்கும் நீர் கொசுவை வளர்ப்பதோடு நிற்பதில்லை. சாலையின் விளிம்பையே கரைத்து இறக்கிவிடும். மேல்மண் போன வயல் மறுபடி பழைய விளைச்சலுக்கு வரப் பல போகம் ஆகும். மேல்மண்ணை முதலில் தனியாக ஒதுக்கிவைத்து, வேலை முடிந்ததும் மேலே பரப்பிக் கொடுப்பது பெரிய தொழில்நுட்பம் அல்ல. பொறுப்புணர்வு மட்டுமே தேவை.

சாலை, குழாய்ப் பாதை போன்ற நீள்வரிசைத் திட்டங்களுக்குச் சாதாரண மண் எடுக்க முன்அனுமதி தேவையில்லை என்று மத்திய அரசு 2020 மார்ச்சில், பொதுமுடக்கக் காலத்தில், விலக்களித்தது. எவ்வளவு மண், எந்த முறையில் என்ற வரம்பே இல்லாத அந்த விலக்கை உச்ச நீதிமன்றம் 2024 மார்ச் 21 அன்று ரத்துசெய்தது. ‘வெறும் மண்தானே’ என்ற அலட்சியத்துக்குக் கிடைத்த கண்டிப்பாகவே இதை எல்லாத் துறைகளும் கொள்ள வேண்டும்.

வாசலுக்கு மேலே வளரும் சாலை

பழைய தார் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு, வீட்டு வாசல்கள் சாலைக்குக் கீழே இறங்கிப்போன தெருக்கள் எத்தனை! திண்ணையில் உட்கார்ந்தவரின் கண்மட்டத்தில் லாரிச் சக்கரம் ஓடுகிறது. ஒரு மழைக்கே சமையலறையில் தண்ணீர் ஏறுகிறது. பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிய அடுக்கு போட வேண்டும், சாலை மட்டம் உயரக் கூடாது என்று 2021இல் அன்றைய தலைமைச் செயலாளர் வெ.இறையன்பு உத்தரவிட்டார். நகரத் தெருக்களைப் போலவே கிராமத்துக் காலனித் தெருவிலும் அந்த உத்தரவு உயிரோடு இருக்க வேண்டும்.

‘வெள்ளத்தில் மக்கள் ஒதுங்க மேடான சாலைதானே இருக்கிறது, அதையும் தாழ்த்தச் சொல்கிறீர்களா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆடு மாடுகளோடு இரவெல்லாம் சாலையில் தங்கிய குடும்பங்களை மறந்துவிட்டு இதைப் பேச முடியாது. வயல்வெளியில் சாலை உயரட்டும்; எவ்வளவு உயர்கிறதோ அந்த அளவுக்குத் திறப்பும் கூடட்டும். பெருவெள்ளம் பாயும் ஓடைகளில், நீர் மேலே ஏறிக் கடந்துபோகும் தரைப்பாலமே போதும் என்றால் அதைக் கட்டலாம். குடியிருப்புக்குள் மட்டம் கூடவே கூடாது. மூன்று இடத்துக்கும் ஒரே அளவுகோலை வைப்பதுதான் தவறு.

பசுமைச் சாலை என்று நாம் பெருமைப்படும் முயற்சிகள் பலவும் சாலைப் பொருள்களைச் சேர்ந்தவை. மதுரைப் பேராசிரியர் ஆர்.வாசுதேவன் உருவாக்கிய, பிளாஸ்டிக் கழிவு கலந்த தார்ச்சாலை அவற்றுள் சிறந்தது. களிமண் நிலத்தில் சாலைக்கு அடியில் விரிக்கத் தென்னைநார்ப் பாயும் ஏற்றது. பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில் இந்தப் பாய் விரித்துப் போட 2020இல் அனுமதிக்கப்பட்ட 1,674 கி.மீ.இல் 369 கி.மீ. தமிழ்நாட்டுக்கானது. இவையெல்லாம் பரவட்டும். ஆனால், அடியில் தண்ணீருக்கு வழி விடாத சாலை, மேலே எதைப் பூசினாலும் பசுமைச் சாலை ஆகிவிடாது.

மழையில் நடக்க வேண்டும்

செய்ய வேண்டியவை எளியவை. பிரதமரின் கிராமச் சாலைத் திட்ட விதிகளில், சாலை அமையும் தடத்தை ஊராரோடு நடந்து பார்ப்பது கட்டாயம். அந்த நடையை எல்லாத் திட்டங்களுக்கும் விரிவாக்கி, ஐப்பசி, கார்த்திகையில் நடத்துங்கள். கோடையில் நடந்தால் மேடும் பள்ளமும் ஒன்றுபோலத் தெரியும். மழையில் தண்ணீரே தன் வழியைக் காட்டிவிடும். நடப்பவர்களில் நீர்வளத் துறைப் பொறியாளரும், வாய்க்கால் தலைப்பிலிருந்து கடைமடைவரை அறிந்த விவசாயிகளும் கட்டாயம் இருக்க வேண்டும். 2015, 2024 வெள்ளங்கள் எந்தச் சுவரில் எந்த உயரம் தொட்டன என்பது ஊருக்குத் தெரியும்; அந்தக் கோடுகளே பொறியாளருக்கு நல்ல ஆவணம்.

குழி மூடுதல், மேல்மண் திரும்பப் பரப்புதல், வாய்க்கால் தூர்வாருதல், மரம் நட்டு மூன்றாண்டு வளர்த்தல் ஆகிய ஒவ்வொன்றும் எஸ்டிமேட்டில் தனி வரியாக, தனி விலையோடு வர வேண்டும். மூடிய குழியின் படம் இல்லாமல் இறுதிப் பில் தரக் கூடாது. பணி முடிந்தபின் ஐந்தாண்டுப் பராமரிப்பு ஒப்பந்ததாரருடையது என்றால், மழைக்கு முன் குழாய் வாயைச் சுத்தம் செய்வதும் அந்தப் பராமரிப்பில் சேர வேண்டும். சாலையோரப் பலகையில் மதிப்பீட்டுத் தொகையோடு, மண் எடுத்த இடமும் சிறுபாலங்களின் எண்ணிக்கையும் எழுதப்பட வேண்டும்.

உள்ளாட்சிகள் நாளான நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டின் எல்லா ஊராட்சிகளிலும் கிராம சபை கூடுகிறது. வடகிழக்குப் பருவமழை முனைந்து நிற்கும் நாள் அது. அன்று ஊர்ச் சாலையைப் பற்றி மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இந்தச் சாலைக்கு மண் எங்கே எடுத்தார்கள்? எடுத்த குழி மூடியாயிற்றா? மேற்கே நிற்கும் தண்ணீர் கிழக்கே போக எத்தனை வழி இருக்கிறது? விடைகளைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவையுங்கள். அடுத்த கார்த்திகையில் சாலையை வெட்டக் கடப்பாரை தூக்க வேண்டியிராது.