உத்திரமேரூர்க் கல்வெட்டும் வரலாற்றுத் தேர்வும்: எங்கள் நிலைப்பாடு

முதன்மைச் சான்று, காலவரிசை, காரணமும் விளைவும், மாற்றமும் தொடர்ச்சியும் ஆகியவற்றுக்கு வரையறை எழுதச் சொல்லி மதிப்பெண் போடும் வழக்கம் நிற்க வேண்டும் என்பது வரலாற்று ஆசிரியர்களாகிய எங்கள் மன்றத்தின் நிலைப்பாடு. ஒரு சான்றைக் கொடுத்து, அதை மாணவர் எப்படிப் படிக்கிறார் என்று பார்த்தே மதிப்பெண் தர வேண்டும்.

எடுத்துக்காட்டாக, உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் ஊர்ச் சபைத் தேர்வு பற்றிய, முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. ஒன்று 919ஆம் ஆண்டு, மற்றது 921. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுத்து உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் குடவோலைக்குத் தகுதி 35 வயதுக்கு மேல், 70க்குக் கீழ் என்று எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். அது இரண்டாம் கல்வெட்டின் விதி. முதல் கல்வெட்டில் 30க்கு மேல், 60க்குக் கீழ். அதே ஊர், அதே சபை, இரண்டே ஆண்டு இடைவெளி. இரண்டையும் அருகருகே வைத்தால், எது மாறியது, எது மாறவில்லை, ஏன் மாற்றினார்கள் என்று வகுப்பு கேட்கத் தொடங்கும். கல்வெட்டு சொல்வதையும் நம் ஊகத்தையும் பிரித்துப் பார்க்க அங்கேதான் பழக முடியும்.

விதி இருந்தது என்பதால் விதிப்படியே நடந்தது என்றாகாது. இதை வகுப்பில் நாம் போதிய அளவு சொல்வதில்லை. அரசாணையின்படி, அரசன் அனுப்பிய அதிகாரி உடனிருக்க, சபை எடுத்த முடிவுகளே இக்கல்வெட்டுகள். அவற்றில் பேசுவது சபையின் குரல் மட்டுமே.

இந்தக் குடவோலையை மக்களாட்சி என்று மேடைதோறும் புகழ்கிறோம். கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் பொறுப்புக்கு வரக்கூடாது என்று பத்தாம் நூற்றாண்டிலேயே கல்லில் வெட்டியது உண்மையிலேயே பெருமைக்குரியது. ஆனால் வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி ஆகியவற்றைக் கேட்பதும் அதே கல்தான். அது பிராமணர் ஊரின் சபை. பெண்களுக்கும் நிலமற்றவர்களுக்கும் அந்தக் குடத்தில் ஓலை இல்லை. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பு தரும் வாக்குரிமையைப் பராந்தகன் காலத்தில் தேடுவது காலமுரண். இந்தப் பாதியை மறைத்து மாணவர்களுக்குச் சொல்லப்படும் பெருமையை எங்களால் ஏற்க முடியாது.

ஏற்கெனவே பாடச்சுமை அதிகம் என்பார்கள். நியாயமான கவலை. சுமையைக் குறைக்க அரசர் பட்டியல்களையும் போர் ஆண்டுகளையும் குறைக்கலாம். இரு கல்வெட்டுகளின் தகுதி விதிகளையும் எளிய தமிழில் பாடநூலில் முழுமையாக அச்சிட வேண்டும். பொதுத்தேர்வில், மாணவர் முன்பு பார்த்திராத சான்று ஒன்றைக் கொடுத்து ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும். அதைத் திருத்தும் ஆசிரியர்களுக்குக் கல்வெட்டறிஞர்களைக் கொண்டு முன்கூட்டியே பயிற்சி தர வேண்டும்; பயிற்சி இல்லாமல் கேள்வியை மட்டும் மாற்றினால் அதற்கும் ஒரு மனப்பாட விடை வந்துவிடும்.