எல்லா உரசலும் விபத்தா?

2014 பெப்ரவரி 26. இந்தியக் கடற்படையின் ‘சிந்துரத்னா’ நீர்மூழ்கி மும்பைக்கு அப்பால் கடலில் இருந்தபோது உள்ளே புகை பரவியது. இரண்டு அதிகாரிகள் இறந்துபோனார்கள். அன்றைக்கே கடற்படைத் தளபதி அட்மிரல் டி.கே. ஜோஷி பதவி விலகினார். செய்திகள் இதை எப்படி எழுதின தெரியுமா? ஏழு மாதத்தில் பத்தாவது விபத்து எண்டு.

எனக்குப் பிரச்சினை அந்தப் ‘பத்து’ எண்ட கணக்கோடதான்.

அந்தப் பட்டியலைப் பிரிச்சுப் பாருங்க. தொடக்கத்தில் நிற்பது 2013 ஓகஸ்ட் 14இல் மும்பைக் கடற்படைத் தளத்திலேயே வெடித்து மூழ்கிய ‘சிந்துரக்ஷக்’ நீர்மூழ்கி. 18 பேர் பலி. அதே பட்டியலில், ‘தர்காஷ்’ கப்பல் கரைக்கு வரும்போது இறங்குதுறையில் இடிபட்டதும் இருக்கு. தண்ணிக்கு அடியில் ஒலியை வைத்துத் தேடும் சோனார் கருவிப் பகுதியில் ‘பெட்வா’வுக்கு விரிசல் விழுந்ததும் இருக்கு. 18 உயிர் போனதும் ஒண்டு, ஒரு உரசலும் ஒண்டு. என்ன கணக்கு இது?

இப்படிக் கூட்டினால் செய்தி பெரிசாகும், கேள்வி சின்னதாகும். நீர்மூழ்கிக்குள் புகை ஏன் வந்தது, அந்த இருவரும் ஏன் தப்ப முடியாமல் போனது என்று தனியாகத் துருவ வேண்டிய விசயம், “இவங்கட கப்பல் எல்லாமே இப்படித்தான்” எண்ட ஒரு வரியோட முடிஞ்சுபோகும்.

இது இந்தியாவில் மட்டும் நடக்கிறதில்ல. 2017 டிசம்பரில் பிரித்தானியாவின் ‘குயின் எலிசபெத்’ விமானந்தாங்கிக் கப்பல் சேவைக்கு வந்து இரண்டு கிழமைகூட ஆகவில்லை, 310 கோடி பவுண் கப்பல் ஒழுகுது எண்டு பத்திரிகைகள் கொண்டாடின. புரொப்பலரைச் சுற்றுகிற தண்டு கப்பலின் உடலைத் தாண்டி வெளியே போகும் இடத்தில், தண்ணி வராமல் ஒரு அடைப்பு இருக்கும். அதில்தான் பழுது. உள்ளே வந்தது மணிக்கு சுமார் 200 லீற்றர், அதாவது ஒரு பீப்பா அளவு. கப்பலோ 65,000 தொன். திருத்த வேண்டிய பழுதுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வள்ளத்தில் தண்ணி இறைச்சுப் பழகின ஆரைக் கேட்டாலும் சொல்லுவாங்க, ஒழுகுறது வேற, மூழ்குறது வேற.

2022 ஓகஸ்ட்டில் அதன் சகோதரக் கப்பல் ‘பிரின்ஸ் ஒஃப் வேல்ஸ்’ அமெரிக்காவுக்குப் புறப்பட்டது. புறப்பட்ட கையோடு தண்டின் இணைப்பு உடைந்து, இங்கிலாந்துக் கரையைத் தாண்டாமலே நின்றது. திருத்தி முடிக்கப் பல மாதம். இதுதான் உண்மையிலேயே பெரிய செய்தி. ஆனால் முதல் ஒழுக்குக்கே ‘அதிர்ச்சி’யைச் செலவழிச்ச ஆக்களுக்கு, இதுக்கு எந்தச் சொல் மிச்சம்?

அதுக்காக, கடற்படை “சிறு கோளாறு” எண்டு சொன்னால் நம்பிட்டுப் போங்க என்று நான் சொல்ல வரவில்லை. 2013 டிசம்பரில் மகாராஷ்டிரக் கரைக்கு அப்பால் ‘தல்வார்’ போர்க்கப்பல் ஒரு மீன்பிடிப் படகில் மோதியது. ஆக்களைக் காப்பாற்றிவிட்டார்கள், படகு மூழ்கிவிட்டது. போர்க்கப்பலின் கணக்கில் அது சின்னச் சம்பவம். படகுக்காரருக்கு அதுதான் பிழைப்பு. சின்னது, பெரிசு எண்டு சொல்லுறது ஆர் எண்டதையும் பார்க்கத்தானே வேணும்?

திருகோணமலை டொக்யார்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாழும் எங்களுக்கு இது தூரத்துக் கதை இல்ல. கடற்படைக் கப்பல்கள் போற வாற கடலுக்குத்தான் உப்புவெளியிலிருந்து எங்கட ஆக்களும் தொழிலுக்குப் போறாங்க. பரபரப்பும் எங்களுக்கு உதவாது, மூடி மறைக்கிறதும் உதவாது. அடுத்த முறை ஒரு கப்பல் செய்தியைப் பகிர முதல் மூன்றே கேள்வி கேளுங்க. ஆருக்கு என்ன நடந்தது? கப்பல் தன் வேலையைத் தொடர முடிஞ்சுதா? இதே பழுது முந்தியும் வந்ததா?

மூன்றுக்கும் செய்தியில் பதில் இல்லையென்றால், அது செய்தி இல்ல, தலைப்பு மட்டும்தான். ஒவ்வொரு உரசலுக்கும் சிவப்பு அம்புக்குறி போட்டுப் பழக்கினால், உண்மையிலேயே ஆக்கள் செத்துப்போற நாளில் அதையும் விரலால் தள்ளிவிட்டுத்தான் போவோம்.